அந்த அறையின் பலகைகளுக்குக் கீழே

தம்பி ரவி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்த மாதம் மெல்பேர்னில் உனக்குக் கல்யாணம் என்று நாலு வரியில் எழுதியிருந்தாய். ஐந்தாவது வரியில், நீ கட்டப்போகும் ஹெலன் உன்னிடம் ஒன்று கேட்டதாகவும் அதற்கு உன்னிடம் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பாவான நான் ஏன் அப்படி இருந்தேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். வீட்டை விட்டுப் போன இந்த நாலு வருடத்துக்கு மேலான காலத்தில் நீ என்னிடம் அனுப்பிய முதல் கேள்வி இது. கடிதத்தை நான் குசினி மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு, அவளுக்கும் இதுவரை சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள். "அவனுக்கு எழுதுங்கோ. உங்களுக்காக நான் சொல்ல மாட்டன்." அதனால் எழுதுகிறேன். நீண்ட கடிதம்தான். பொறுத்துக்கொண்டு வாசி. எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் அதன் காரணமும் இதற்குள்ளேயே வருகிறது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, சிலோன் என்று அச்சடித்த பாஸ்போர்ட்டுகளோடு நாங்கள் மூன்று பேரும் சிட்னிக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். இங்கே பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் போதாமல் இருந்த நேரம். என்னைப் பரமட்டாவுக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய செங்கல் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். உன்னையும் அங்கேயே சேர்த்தேன். என் இரசாயன அறை கீழ்த்தளத்தில் மேற்கு மூலையில் இருந்தது. பின்னேர வெயில் முழுக்க அதற்குள் இறங்கும். மாரியில் சுவரோரமாக ஒரு காஸ் ஹீட்டர் எரியும். தரை பலகை. காலம் போய்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு பென்சில் நுழையுமளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. எனக்கு முன்னால் அந்த அறையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஒரே மனிதர் படிப்பித்திருந்தார். பெயர் ஹாலோவே. அவருக்கு நரம்புத் தளர்ச்சி வந்து ஒருநாள் பாதி வகுப்பில் எழும்பிப் போய்விட்டார் என்று ஆசிரியர் அறையில் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் அவரைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

அந்த அறைச் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணை உனக்கு ஞாபகமா? மஞ்சளடித்த துணியில் ஒட்டியது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் அச்சானது. தொண்ணூற்றிரண்டாம் மூலகமான யுரேனியத்தோடு அச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் புதிதாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு மூலகத்தையும் ஹாலோவே கறுப்பு மையால் தன் கையாலேயே பெட்டி போட்டு எழுதிச் சேர்த்திருந்தார். முதல் நாளே நான் அதை நின்று பார்த்தேன். தொண்ணூற்று மூன்றும் தொண்ணூற்று நான்கும் அச்சு எழுத்தைத் தோற்கடிக்கும் அழகு. தொண்ணூற்றெட்டில் கோடுகள் கொஞ்சம் அலைந்திருந்தன. நூற்றொன்றில் எழுத்து பாதியாகச் சுருங்கிப் பெட்டிக்குள் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. நூற்று மூன்று, மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போன தடம் மாதிரி. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதை இருபது வருடமாக அந்தச் சுவர் எழுதி வைத்திருந்தது. வயசாகிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு நான் பையைத் திறந்தேன். பிறகுதான் கேள்விப்பட்டேன், நூற்று மூன்றை எழுதியபோது அவருக்கு ஐம்பது வயதும் ஆகவில்லை.

இன்னொன்றையும் அந்த வாரத்தில் பார்த்தேன். அறைக்குப் பின்னால் போத்தல்களும் குழாய்களும் வைக்கும் ஒரு சிறிய களஞ்சிய அறை. அதற்குள் ஒரு கதிரை இருந்தது. சுவரைப் பார்த்தபடி, சுவருக்கு ஒரு சாண் தூரத்தில். உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் முட்டும். இதை யார், ஏன் இப்படிப் போட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று தூக்கி வெளியே வைக்க நினைத்தேன். பிறகு ஏனோ விட்டுவிட்டேன்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. முதலாம் ஃபோமில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். சடப்பொருள் என்றால் என்ன, அணு என்றால் என்ன என்று தொடங்க வேண்டும். என் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் நான் சிவப்புத் தூள் பரிசோதனையைச் செய்து காட்டியதும் வாயை மூடினார்கள். அது நான் யாழ்ப்பாணத்திலும் வருடா வருடம் செய்த பரிசோதனை. பாதரச ஒட்சைட்டு என்ற செங்கல் நிறத் தூளைக் கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்க வேண்டும். தூள் கறுக்கும். பிறகு அணைந்து போகும் குச்சியை வாயருகே பிடித்தால் பளிச்சென்று பற்றும், அது ஒட்சிசன். குழாயின் மேல்பக்கத்தில் கண்ணாடியில் வெள்ளிப் பொட்டுகள் தோன்றிக் கூடும், அது பாதரசம். ஒரு சேர்வை இரண்டு மூலகங்களாகப் பிரிவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. எதுவும் அழியவில்லை, எதுவும் புதிதாக வரவில்லை, இருந்த அணுக்களே இடம் மாறின என்று நான் சொல்லுவேன். கிட்ட வந்து பாருங்கள் என்றும் சொல்லுவேன். அவர்கள் வருவார்கள். முப்பது முகங்கள் அந்தக் குழாயைச் சுற்றி. ஒவ்வொரு வகுப்புக்கும் செய்தேன், யன்னலைத் திறக்காமல்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வாயில் ஒரு ருசி வந்தது. சாவியைச் சப்பியது போல. எதைத் தின்றாலும் அது போகாது. உன் அம்மா கறியில் உப்பைக் கூட்டினாள், குறைத்தாள், பிறகு கோபப்பட்டாள். காலையில் பல் விளக்கும்போது முரசில் இரத்தம் வரும். நித்திரை வராது. பிறகு பெயர்கள் மறந்தன. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், பெயர் வராது, அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தலையைக் குனியும். மனிதரைக் கண்டால் கூசத் தொடங்கினேன். அது வெட்கம் என்று சொல்ல முடியாது. யாராவது என்னைப் பார்த்தாலே தோலுக்குள் எரிவது போல ஒரு கூச்சம். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஏதோ கேட்க வந்து கதவைத் தட்டினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவள் இரண்டு தரம் தட்டிவிட்டுப் போனாள். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தேன். களஞ்சிய அறைக்குள், அந்தக் கதிரையில், முழங்கால் சுவரில் முட்ட உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து உட்கார்ந்த நினைவு எனக்கு இல்லை. அப்போதுதான் அந்தக் கதிரை ஏன் அப்படிப் போடப்பட்டது என்று விளங்கியது.

அதே மாதம் இன்னொன்று நடந்தது. சுவாலைச் சோதனைக்காக யன்னல் திரைகளை இழுத்து அறையை இருட்டாக்கினேன். கம்பி நுனியில் உப்பைத் தொட்டுச் சுவாலையில் காட்டினால் சோடியம் மஞ்சளாய் எரியும், செம்பு பச்சையாய் எரியும். பிள்ளைகள் ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லச் சத்தமிடுவார்கள். அன்றைக்கு மஞ்சள் எரிந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கால்கள் இரண்டையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். தரைக்குள்ளிருந்து எங்களைப் பார்க்கிறார்கள் சேர் என்றாள். நான் குனிந்து பார்த்தேன். பலகை இடைவெளிகளுக்குள், வரிசை வரிசையாக, சின்னச் சின்ன மஞ்சள் கண்கள். சுவாலை ஆடும்போது எல்லாக் கண்களும் ஒன்றாக இமைத்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரையை இழுத்துத் திறந்து, வகுப்பைக் குழப்பியதாக அந்தச் சிறுமியை வெளியே நிற்க வைத்தேன். வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. நித்திரை இல்லாத மனிதன் எதையும் காண்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சிறுமியும் கண்டாள் என்பதை நினைக்காமல் விட்டேன்.

மோதிரம் வெளுத்தது மே மாதத்தில். சனிக்கிழமை, சோறு போடும்போது உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னப்பா, இது ஏன் இப்படி வெள்ளையாப் போச்சு?" என் கல்யாண மோதிரம் ஒரு பக்கம் முழுக்க ஈயம் பூசினது போல் வெளிறியிருந்தது. அவள் முகத்தில் இருந்த பயம் எனக்கு இன்னும் தெரிகிறது. புருஷன் கையில் தங்கம் நிறம் மாறினால் ஒரு பெண் எதை நினைப்பாளோ அதைத்தான் நினைத்தாள். "சோப்பாலை வந்திருக்கும்" என்றேன் நான். தம்பி, நான் இரசாயன ஆசிரியன். தங்கத்தின் இலக்கம் எழுபத்தொன்பது. அதற்கு அடுத்த பெட்டி, எண்பது, பாதரசம். தங்கத்தைத் தொட்டால் பாதரசம் அதற்குள் இறங்கி அதை வெள்ளையாக்கும். முந்தின நாள் நான் தரையில் விழுந்த குண்டூசிகளைப் பலகை இடுக்கிலிருந்து விரலால் கிளறி எடுத்திருந்தேன். சோப் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாயின் ருசி, முரசு, கதிரை, சுவரில் ஒதுங்கிய எழுத்து, இருட்டில் தெரிந்த கண்கள், அத்தனையும் ஒரே பெயர். நீ அந்த நேரம் எதிரே இருந்து கத்தரிக்காய்க் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

இனி நான் எழுதப் போவதுதான் உனக்குத் தெரியாதது. மே மாதத்தில் எனக்குத் தெரியும். ஓகஸ்ட் மாதத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அந்த மூன்று மாதமும் நீ ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூடம் விட்டதும் என் அறைக்கு வந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் தரை சூடாக இருக்கிறதென்று பலகையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் செய்தாய். ஹீட்டர் சூடாக்கிய தரையிலிருந்துதான் அது ஆவியாக எழும்பியது. மணமில்லை, நிறமில்லை. உன் முகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நான் மேசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை எழும்பச் சொன்னால் ஏன் என்று கேட்பாய். சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். என் வேலை வருடக் கடைசியில்தான் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். வந்து இரண்டு வருடமாகாத ஒரு கறுத்த மனிதன், இந்தப் பள்ளிக்கூடத்தின் தரையில் நஞ்சு இருக்கிறது என்று போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம்தான் இருக்கும், கோடை வந்தால் யன்னல் திறந்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே காரணம் சொன்னேன். அந்த மூன்று மாதத்திலும் சிவப்புத் தூள் பரிசோதனையை மட்டும் நிறுத்திவிட்டேன். என்னைக் காப்பாற்ற அவ்வளவு யோசித்திருக்கிறேன், பார்.

ஜூலையில் ஒருநாள், நூற்று நான்காம் மூலகத்தை அட்டவணையில் சேர்க்கலாம் என்று பேனையை எடுத்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அப்போது இரண்டு நாடுகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் பெயர் இல்லாமல் இலக்கத்தை மட்டும் எழுதினேன். எழுதிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். நூற்று மூன்றும் நூற்று நான்கும் ஒரே கை எழுதியதாக இருந்தன. நான் ஒருநாளும் கண்டிராத ஒரு மனிதரின் கை என் தோளில் இருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் அட்டவணைக்குக் கிட்டப் போகவே பயமாக இருந்தது.

ஓகஸ்ட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பின்னேரம், அந்த அறையில், உன் இரசாயனக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எழுத்து பெட்டிக்குள் ஒதுங்கியது போலச் சின்னதாய், கோணலாய், நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. என் எழுத்தைக் கேலி செய்கிறாய் என்று நினைத்து நான் கத்தினேன். "என்னை நெளிச்சுக் காட்டுறியோ?" என்று கேட்டேன். கொப்பியை இரண்டாகக் கிழித்தேன். நீ என் பிள்ளையே இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னபோது என் தொண்டையில் ஹாலோவே பேசுவது போல் எனக்கே கேட்டது. ஆனால் வார்த்தைகள் தமிழில்தான் வந்தன. நீ அழவில்லை. கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னாய்.

"அப்பா, என்ரை கை சொல்லுக் கேக்குதில்லை."

அடுத்த நாள் காலையில் நான் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போனேன். பிரம்பைக் கீழே வைக்காத பழைய காலத்து ஆள் என்று பெயர் எடுத்தவர், ஆனால் நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். அன்றைக்கே இரண்டு தச்சர்கள் வந்தார்கள். நான்கு பலகைகளை நெம்பி எடுத்துவிட்டு ஒருவன் டோர்ச் அடித்தான். பிறகு டோர்ச்சை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் நின்றான். கீழே, தூசிக்கும் எலும்பு போல வெளிறிய கட்டைகளுக்கும் நடுவே, ஒரு தட்டம் அளவுக்கு வெள்ளியாய் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மணிகள். எங்கள் காலடி அதிரும்போது அது மெல்ல அசைந்து, ஓரத்தில் இருந்த மணிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நான் குனிந்து பார்த்தேன். அதில் என் முகம் வளைந்து தெரிந்தது. முப்பது வருடம் அது அங்கே இருந்திருக்கிறது. பிள்ளைகள் மேலே இருந்து அணுவைப் பற்றிப் படித்திருக்கிறார்கள்.

அறையைப் பூட்டினார்கள். அதிபர் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய், பெற்றோருக்குத் தரையில் கறையான் என்று எழுதப் போவதாகச் சொன்னார். பீதி கிளப்பாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்றார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உனக்கும் அம்மாவுக்கும் அதையே சொன்னேன், கறையான் என்று. நீ நம்பினாய். கோடைக்குள் உன் கை நடுக்கம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடக் கடைசிச் சோதனைப் பயத்தால் வந்தது என்று உன் அம்மா நம்பினாள். என் கை முழுக்க நிற்கவில்லை, ஆனால் நித்திரை வந்தது, பெயர்கள் திரும்பி வந்தன. உன்னிடம் உண்மையைச் சொல்ல நாளை, நாளை என்று இருந்தேன். சோதனை முடிந்த கிழமையே நீ சூட்கேசோடு மெல்பேர்ன் ரயில் ஏறிவிட்டாய். அப்பனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்ற ஒரே விளக்கத்தோடு ஏறினாய். உன்னிடம் வேறு விளக்கம் இருக்கவில்லை, ஏனென்றால் இருந்ததை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலோவேயைத் தேடிப் போனேன். குவேக்கர்ஸ் ஹில்லில், ஸ்டேசனிலிருந்து வெகுதூரம், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே தமக்கையோடு இருந்தார். நல்ல வெயில் நாள். ஆனால் வீட்டின் எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. தமக்கை கதவைத் திறந்தாள், என் கையைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்க்காமலே, "நீங்களும் அந்த அறையில்தானா?" என்று கேட்டு உள்ளே விட்டாள். அவர் மூலைக் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். பாதரசம், தரைக்குக் கீழே, தட்டம் அளவு என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு கல்ஜாடி பாதரசம் கை தவறி உடைந்ததென்றும், அறிவித்தால் வெட்கம் என்று அதைத் தும்புத்தடியால் பலகை இடுக்குகளுக்குள் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு மறந்தும் விட்டாராம். சொல்லிவிட்டு அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆனது.

"அப்ப நான் கெட்டவன் இல்லையா?" என்று தமக்கையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார். "அவளுக்கு நான் செய்ததெல்லாம்... அது நான் இல்லையா?"

அது நீங்கள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்ற தமக்கை எனக்கு முன்னால் பேசினாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை.

"பெரும்பாலும் அந்தச் சாமான்தான், ஆர்தர். ஆனால் அதற்கு முன்னாலும் நீ கொஞ்சம் அப்படித்தான் இருந்தாய்."

அவர் திரும்பவும் சுவரைப் பார்த்தார். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் அதைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டதாக அவள் எனக்கு ஒரு சின்ன அட்டை அனுப்பினாள்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டொக்டரிடம் போ. பாதரச ஆவி இருந்த அறையில் இரண்டு மாரி படுத்துப் படித்தேன் என்று சொல்லு. சிறுநீரகத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லு. நான் இங்கே விசாரித்தேன், இவ்வளவு காலத்தில் அநேகமாக உடம்பை விட்டுப் போயிருக்கும் என்றார்கள். அநேகமாக என்ற சொல்லோடு உன்னை விட எனக்கு மனமில்லை. என்னிடம் அந்த அறையில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இருபத்தாறு விலாசம் கிடைத்தது. கால்களைத் தூக்கி வைத்த அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நேரிலேயே போனேன். அவளுக்கு இப்போது பதினேழு வயது, நன்றாக இருக்கிறாள். அவளுடைய தாய் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. அது சரிதான். பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது. ஹெலனோடு வாழப் போகிறாய், அதனால் ஒன்று சொல்லுகிறேன். ஒரு விஷயம் உனக்குத் தெரிந்த அன்றைக்கே அவளுக்கும் தெரியட்டும். அடுத்த நாள் சொல்லுவது இன்னும் கடினம், மூன்று மாதம் கழித்துச் சொல்லுவதற்கு நீ வேறு மனிதனாக மாற வேண்டியிருக்கும்.

ஹெலனின் கேள்விக்குப் பதில் பாதரசம் என்று இத்தோடு முடித்துவிட்டால் எனக்கு வசதி. உனக்கும் நிம்மதியாக இருக்கலாம். நேற்று அப்படித்தான் முடித்து, உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டினேன். பிறகு உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன்.

நாங்கள் சிட்னிக்கு வந்த இரண்டாவது சனிக்கிழமை. வென்ட்வேர்த்வில் ஸ்டேசனில் டிக்கெட் வாங்க நின்றோம். நான் கேட்டது டிக்கெட் யன்னலுக்குள் இருந்தவனுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன், விளங்கவில்லை. நீ முன்னால் வந்து அதையே சொன்னாய். அவன் உனக்குச் சிரித்து டிக்கெட்டைக் கொடுத்தான், உன் ஆங்கிலம் நல்லது என்றான். மேடைக்கு வந்ததும், அத்தனை பேர் பார்க்க, நான் உன் கன்னத்தில் அறைந்தேன். உனக்குப் பதினாறு வயது. டிக்கெட் மூன்றும் உன் கையில் இருந்தன. அவற்றை என்னிடம் தந்தாய். ரயில் வரும்வரை உன் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

அன்றைக்கு என் கை நடுங்கவில்லை. வாயில் எந்த ருசியும் இருக்கவில்லை. நான் அந்த அறைக்குள் முதல் தரம் காலடி வைப்பதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த அடி என்னுடையது, தம்பி. முழுக்க என்னுடையது. கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்பதை நீயும் ஹெலனும் பேசி எழுதுங்கள், எது எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுவேன். அவளுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது இந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதே.

அப்பா